மோதிர விரல்

ள வரவில்லை. ஜெசிந்தா லேப்டாப் விசையிலிருந்து விரலை எடுத்து மறுபடி வைத்து அழுத்தினாள், வந்தது. இன்னொரு தடவை அழுத்தினாள், வந்தது. அப்புறம் வந்துகொண்டே இருந்தது, திரையில் ஒரு வரி முழுக்க ளளளள என்று, காலையில் பள்ளிக்கூட மைதானத்தில் வரிசை பிடித்து நிற்கிற பிள்ளைகளைப் போல, ஒன்றுகூடப் பிசகாமல். சரி, நீ நல்ல பிள்ளைதான் என்று கையை மடியில் வைத்துக்கொண்டு, ஜன்னலுக்கு வெளியே கொடியில் காயாமல் தொங்குகிற துண்டைப் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டு, அது அசந்திருக்கும் நேரமாகச் சட்டென்று ஒரு தட்டுத் தட்டினாள். வரவில்லை. இப்படித்தான் மாதா கோயில் திருவிழா முடிந்ததிலிருந்து நடக்கிறது. ஒரேயடியாகச் செத்துப்போன விசை என்றால் எடுத்துப் போட்டுவிட்டு வேறு வாங்கலாம். இது சாகவும் மாட்டேன் என்கிறது, பிழைக்கவும் மாட்டேன் என்கிறது. பத்துத் தடவை ஒழுங்காக இருந்து நம்ப வைத்துவிட்டுப் பதினோராவது தடவை கைவிடுகிறது, அதுவும் அவள் காதில் ஒலிப்பதிவை மாட்டிக்கொண்டு, பேசுகிறவரின் வேகத்துக்கு ஈடுகொடுத்துத் திரையைப் பார்க்காமல் அடித்துக்கொண்டு போகும்போதுதான் கைவிடுகிறது. முடித்துவிட்டு ஏறிட்டுப் பார்த்தால் ‘அவர்கள்’ எல்லாம் கடைசி எழுத்தில்லாமல் மொட்டையாக நிற்கும். சென்னையில் கூட்டங்களின் பேச்சைக் கேட்டு எழுத்தாக்கித் தருகிற ஒரு நிறுவனத்துக்கு அவள் வீட்டிலிருந்தே வேலை செய்கிறாள். அங்கேயிருந்து யாமினி என்கிற பெண் முதலில் சிரித்துக்கொண்டு சொன்னாள், பிறகு சிரிக்காமல் சொன்னாள், போன வாரம் ஜெசிந்தாவே முந்திக்கொண்டு, எனக்குக் கை சரியில்லம்மா, நான் விட்டுடுறேன் என்று சொல்லிவிட்டாள். “அவசரப்படாதீங்க மேடம், வெள்ளிக்கிழமை சாயங்காலம் கூப்பிடுறேன், யோசிச்சுச் சொல்லுங்க.” இன்றைக்கு வெள்ளிக்கிழமை. சாயங்காலத்துக்குள் அவளுக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான். கோளாறு விசையிலா, விரலிலா.

இடது கை மோதிர விரல். யளனக, யளனக என்று தட்டச்சுப் பள்ளியில் முதல் நாள் சொல்லிக்கொடுத்தபோது ள அந்த விரலுக்குத்தான் வந்தது. பாவம், இருக்கிற விரல்களிலேயே தனியாக எதுவும் செய்யத் தெரியாத விரல். நடுவிரலை மடக்கிவிட்டால் இதுவும் கூடவே மடங்கிக்கொள்ளும். அதைப் பழக்கி எடுக்க அவளுக்கு ஒரு மழைக்காலம் முழுக்கப் பிடித்தது. பிறகு அந்த விரல் அவளை ஒருநாளும் ஏமாற்றியதில்லை, தட்டச்சு முதுநிலைத் தேர்வில் பக்கத்து இயந்திரத்துப் பெண் பயத்தில் அழுதபோதுகூட இது பாட்டுக்கு ளவைத் தேடிப்போய் அடித்துவிட்டு வந்தது. அந்த விரலைப் போய் இப்போது சந்தேகப்படுவது கூடப்பிறந்தவளைச் சந்தேகப்படுவது மாதிரி இருக்கிறது. ஆனால் சந்தேகப்படாமல் எப்படி இருப்பது. அப்பாவுக்கும் இப்படித்தான் தொடங்கியது. துறைமுகத்தில் சரக்குக் கணக்கர். அவர் கையெழுத்து ஒரு படகு சாய்ந்து போவதுபோல அழகாக இருக்கும். ஒருநாள் வங்கியில் கையெழுத்து ஒத்துவரவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து போட்டுக்காட்டினார், அச்சாக இருந்தது. அவங்களுக்குக் கண்ணு தெரியல என்று எல்லோரும் சிரித்தார்கள், அப்பாவும் சிரித்தார். அப்புறம் சட்டைப் பொத்தான் ஒருநாள் மாட்ட வரும், ஒருநாள் வராது. அப்புறம் கரண்டி. அதற்கும் அப்புறம் வந்ததை அவள் நினைக்கமாட்டாள். நினைக்கமாட்டேன் என்று சொல்லும்போதே, குழம்பு சிந்தின போர்வையும் அப்பா வெட்கத்தோடு சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வதும் வந்துவிடுகின்றன. அந்த நோயும் முதலில் வந்து வந்துதான் போனது. பார்க்கிறவர்கள் முன்னால் வராது. தனியாக இருக்கும்போது வரும். ஜெசிந்தா இடது கையை நீட்டிப் பிடித்துப் பார்த்தாள். நடுங்கவில்லை. பார்க்கிறோம் என்று தெரிந்துகொண்டு நடுங்காமல் இருக்கிறதோ என்னமோ.

பழுது பார்க்கிற கடையிலும் அதேதான் நடந்தது. ஏ.சி. போட்டுக் கண்ணாடிக் கதவு வைத்த கடை. கடைக்காரர் திரையில் ஒரு கீபோர்டுப் படத்தை வரவழைத்து, ஒவ்வொன்றாக அழுத்துங்க மேடம் என்றார். அழுத்த அழுத்த ஒவ்வொரு கட்டமும் பச்சையானது, ளவும் பச்சையானது, பக்கத்தில் ய, மேலே, கீழே எல்லாமே பச்சை. அவளை அடிக்கச் சொன்னார், அடித்தாள். அவரும் அடித்தார். ஒரு எழுத்து விடவில்லை. “பக்காவா இருக்கு மேடம். வேணும்னா திறந்து ஒரு பார்வை பாத்துடவா?” என்று அவர் திருப்புளியை எடுத்தபோது, பக்கத்தில் நின்ற இன்னாசி, அவள் கணவர், அந்தத் திருப்புளி தன் வயிற்றுக்கு நேராக வந்தமாதிரி, “வேண்டாம் வேண்டாம், திறந்தா வாரண்டி போயிரும்லா” என்றார். வாரண்டி. அவள் அப்போது வெட்கத்தில் இருந்தாள், கடையில் நான்கு பேர் பார்க்க, நல்ல பொருளைக் கெட்டது என்று சொல்லிக்கொண்டு வந்த வெட்கம், அதனால் வாரண்டியைப் பற்றி யோசிக்கவில்லை. ஆட்டோவில் வரும்போது இன்னாசி அவள் விரலை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார். “ஏ ஜெசி, மிஷின்ல ஒண்ணும் இல்லட்டி. நான் சொல்லுதேன்னு கோவப்படாத. ஒங்கப்பாவுக்கு இருந்துச்சுலா. எதுக்கும் ஒரு டாக்டரப் பாத்துருவோம்.” எவ்வளவு மெதுவாகச் சொன்னார். அவளுக்குள் அவள் யாரிடமும் காட்டாமல் மூடி வைத்திருந்த பயத்தை, மூடியைத் திறந்து எடுத்து வெளியே வைத்தார், வைத்துவிட்டுத் தோளைத் தட்டிக்கொடுத்தார். ஆஸ்பத்திரியில் உலோகம் எதுவும் கூடாது என்று வளையலையும் மோதிரத்தையும் கழற்றச் சொன்னார்கள். மோதிரம் சோப்புப் போட்டால்தான் வந்தது. இன்னாசி எல்லாவற்றையும் கைக்குட்டையில் முடிந்து சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு வெளியே பெஞ்சில் உட்கார்ந்தார். உள்ளே அவள் கையில் மெல்லிய ஊசியைச் செருகி மின்சாரம் விட்டுப் பார்த்தார்கள், சுரீர் சுரீரென்று, அவள் விரல் அவளைக் கேட்காமலே துள்ளியது. வெளியே வந்தபோது இன்னாசியின் கண் கலங்கியிருந்தது. நம்ம மேல இவ்வளவு உசிரா என்று அவளுக்கு வலிகூட மறந்துபோயிற்று. நரம்பில் எதுவும் தெரியவில்லை, ஆனாலும் சிலருக்கு ஆரம்பத்தில் தெரியாது, மூன்று மாதம் கழித்து மறுபடி பார்ப்போம் என்றார் டாக்டர். அன்றையிலிருந்து இன்னாசி வெளியே போய்விட்டு வரும்போதெல்லாம் பேக்கரியில் முந்திரி மக்ரூன் வாங்கிக்கொண்டு வருகிறார்.

இன்றைக்கு மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அவர் கோயில் கமிட்டிக் கூட்டத்துக்குப் போன பிறகு, ஜெசிந்தாவுக்கு ஒரு யோசனை வந்தது. ஏன் இத்தனை நாள் வரவில்லை என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. வந்ததுதான், வந்தபோதெல்லாம் இன்னாசி எதற்கு வீண் வேலை என்றார், அதனால் போய்விட்டது. மாடி வீட்டுச் சகாயம் டீச்சரிடம் போய், அவர்கள் கம்ப்யூட்டரின் கீபோர்டை ஒரு மணி நேரத்துக்குத் தாங்க என்று கேட்டு வாங்கிவந்தாள். “ஒரு மணி நேரம் என்ன, ஒரு வருஷம் வச்சுக்கோங்க, எங்க வீட்டுல அதத் தொடுத ஆளு யாரு இருக்கா” என்றாள் டீச்சர். வயரை லேப்டாப்பின் பக்கவாட்டில் செருகி, அதே மேசை, அதே நாற்காலி, அதே ஒலிப்பதிவு, அதே விரல், கீபோர்டு மட்டும் வேறு. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும், இரண்டை மாற்றினால் எது குற்றவாளி என்று தெரியாது. நெய்வேலிப் பக்கத்துப் பேச்சாளர் ஒருவர் மூச்சுவிடாமல் பேசிய பேச்சு, முழுவதையும் அடித்து முடித்தாள். நிமிர்ந்து பார்த்தாள். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை ஒரு ள விட்டுப்போகவில்லை. மறுபடி லேப்டாப்பிலேயே அடித்தாள், நாலாவது வரியில் விட்டுப்போனது. மறுபடி வெளிக் கீபோர்டு, விடவில்லை. அவள் நாற்காலியில் சாய்ந்துகொண்டு இடது மோதிர விரலை வலது கைக்குள் பொத்திப் பிடித்துக்கொண்டாள். நீ இல்லை. நீ இல்லவே இல்லை. அழ வேண்டும்போல இருந்தது, அழுகை வரவில்லை. சந்தோஷம் வந்து வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வராமல் நிற்கிற மாதிரி இருந்தது. ஏனென்றால் சந்தோஷத்துக்கு முன்னால் ஒரு கேள்வி நின்றுகொண்டிருந்தது. அப்படியென்றால் கடையில் ஏன் ஒழுங்காக வேலை செய்தது. காபி போடலாம் என்று எழுந்து, காபி அவள் குடிப்பதில்லை, இன்னாசிக்குத்தான், அவர் வர நேரமிருக்கிறது, சரி கஞ்சிக்காவது உப்புப் போட்டுக் குடிப்போம் என்று அடுக்களைக்குப் போய் உப்பு ஜாடியைத் திறந்தாள். உப்பு கசிந்து கிடந்தது. ஐப்பசி பிறந்தால் தூத்துக்குடியில் எந்த வீட்டு உப்புதான் கசியாது. கரண்டியை ஜாடிக்குள் விட்டபடியே நின்றாள். உப்பு கசிகிற நாளில் ள வருவதில்லை. வெயில் அடித்து உப்பு உதிர்ந்து கிடக்கிற நாளில் ள வருகிறது. கடையில் ஏ.சி., காற்று காய்ந்த காற்று. கஞ்சியை மறந்துவிட்டு, மகள் ஷைனி விட்டுப்போன முடி உலர்த்துகிற கருவியை எடுத்துவந்து, கீபோர்டின் இடதுபக்கத்துக்கு மிதமான சூட்டில் காட்டினாள். கொஞ்ச நேரம் ஆறவிட்டு அடித்தாள். ள வந்தது. எத்தனை வேகமாக அடித்தாலும் வந்தது. ஆக, ஈரம். ஆனால் ஈரம் கீபோர்டு முழுக்கத்தான் படும், இடது ஓரத்தில் மட்டும் வந்து உட்கார அதற்கு என்ன உறவு இருக்கிறது. ஈரத்தைக் கூப்பிட்டு உட்கார வைக்கிற ஏதோ ஒன்று அந்த ஓரத்தில் இருக்க வேண்டும். உப்பு மாதிரி. இல்லை, சர்க்கரை மாதிரி.

அவள் லேப்டாப்பை அணைத்தாள். கொண்டை ஊசியை ளவின் கீழ்முனையில் கொடுத்து மெதுவாக நெம்பினாள், உடைந்துவிடுமோ என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு. டிக் என்று கழன்று வந்தது. உள்ளே ஒரு குட்டி ரப்பர்க் குமிழ், அதைச் சுற்றி மங்கலாகப் பழுப்பு. காது துடைக்கிற பஞ்சுக் குச்சியை விட்டு எடுத்தாள், ஒட்டிக்கொண்டு நூல் மாதிரி இழுபட்டது. மோந்து பார்த்தாள். பழைய காபி டம்ளரின் அடிவாசனை. அவள் இந்த மேசையில் தண்ணீர்கூட வைக்கமாட்டாள். தட்டச்சுப் பள்ளியில் முதல் நாளே படிந்துபோன பழக்கம் அது, இயந்திரத்துக்குப் பக்கத்தில் தின்கிறதும் இல்லை, குடிக்கிறதும் இல்லை. அப்படியே வைத்தாலும் வலது பக்கம்தான் வைப்பாள். இடது பக்கம் டம்ளர் வைக்கிற ஆள் இந்த வீட்டில் ஒருவர்தான், சாப்பாடு தவிர எல்லாவற்றுக்கும் இடது கை, அதுவும் டம்ளரில் மூன்று கரண்டிச் சர்க்கரை. சரி, கொட்டிவிட்டார், கொட்டினால் என்ன, சொல்லியிருக்கலாமே, நான் என்ன தின்றுவிடுவேனா, கொஞ்சம் சத்தம் போட்டிருப்பேன், அவ்வளவுதான். இப்படி நினைத்துக்கொண்டே பக்கத்து யவையும் நெம்பினாள். அங்கே பழுப்புக்கு நடுவில், மூலையில், வெள்ளையாக ஒன்று. ஊசி முனையால் தள்ளி எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு ஜன்னல் வெளிச்சத்துக்குப் போனாள். ஒரு நொய். பாதி அரிசி. அரிசி எப்படி இங்கே. கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிட்டது, பதில் அடுக்களையில் இத்தனை நாளும் மூடியோடு உட்கார்ந்திருந்தது. செல்போன் தண்ணீரில் விழுந்தால் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளட்டும் என்று அரிசிக்குள் புதைத்துவைப்பார்கள், ஷைனிகூட ஒருமுறை வைத்தாள். திருவிழா முடிந்த கையோடு ஷைனியின் குழந்தைக்கு ஞானஸ்நானம் என்று பெங்களூருக்கு ஜெசிந்தா மட்டும் போய்விட்டு வந்த அன்று, உலைக்கு அரிசி எடுக்க டிரம்முக்குள் கைவிட்டால், அரிசி உருண்டையாகக் கட்டிக்கொண்டு வந்தது, பழுப்பாக. “என்னங்க இது?” என்றாள். “ஈரக் கையோட அள்ளிட்டேன்” என்றார் இன்னாசி. ஈரக் கையை விட்டா புழு வைக்கும் என்று அவள் கடிந்துகொண்டாள், கடிந்துகொண்டே மனசுக்குள் நெகிழ்ந்தாள், நாம் இல்லாத நாளில் ஓட்டலுக்குப் போகாமல் தானாகப் பொங்கித் தின்றிருக்கிறாரே என்று. அந்த உருண்டையை மதில்மேல் காக்கைக்கு வைத்தாள். காக்கைகூட மோந்து பார்த்துவிட்டுத்தான் தின்றது.

அப்படியென்றால் கடையில் அவருக்குத் தெரியும். திருப்புளியைப் பார்த்துப் பதறினது தெரிந்துதான். வாரண்டி போன வருஷமே முடிந்துவிட்டது, அதுவும் அவருக்குத் தெரியும், புதுப்பிக்க வேண்டாம் என்று சொன்னதே அவர்தான். ஆட்டோவில் விரலைப் பிடித்துக்கொண்டு ஒங்கப்பாவுக்கு இருந்துச்சுலா என்றபோதும் தெரியும். காபி கொட்டினது ஒன்றுமில்லை. சீட்டாட்டம் ஆட லேப்டாப்பைத் திறந்திருப்பார், அது அவருக்குப் பிடிக்கும். பயந்துபோய் அரிசிக்குள் வைத்ததுகூட ஒன்றுமில்லை, பாவம், சிரிப்புத்தான் வருகிறது, லேப்டாப்பை அரிசி டிரம்முக்குள் செங்குத்தாக நட்டுவைத்துவிட்டு மூடி போடமுடியாமல் நின்றிருப்பார். ஆனால் தப்பித்துக்கொள்ள அவருக்கு இடம் தேவைப்பட்டபோது, உலகத்தில் இருக்கிற எல்லா இடத்தையும் விட்டுவிட்டு அப்பாவின் நோய்க்குள் போய் ஒளிந்துகொண்டாரே. அந்த ஊசியை விட்டபோது வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாரே, அப்போதாவது கதவைத் தட்டியிருக்கலாமே. அந்தக் கலங்கின கண். அது அன்பா, அதுவும் ஈரக் கையோடு அள்ளின அரிசி மாதிரித்தானா. இனி அந்தக் கண்ணை என்ன செய்வது, எங்கே வைப்பது. எத்தனை வருஷத்துக் கண்களை இனி எடுத்து எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கும். ஒரு எழுத்து விட்டுப்போனால் அந்தப் பக்கம் முழுக்கத் திரும்பப் படிக்கவேண்டும், அதுதான் அவள் தொழிலில் சட்டம். அவள் இரண்டு விசைகளையும் துடைத்து மாட்டினாள், பஞ்சுக் குச்சிகளைக் குப்பையில் போட்டாள், மேசையை ஒழுங்குபடுத்தினாள், நொய்யை மட்டும் மேசைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வெளிச்சம் குறைந்தது. கேட் திறக்கிற சத்தம். “என்னட்டி, லைட்டக்கூடப் போடாம?” என்று இன்னாசி சுவிட்சைத் தட்டினார், கையில் மக்ரூன் பொட்டலம். “கை எப்படி இருக்கு?” “கை நல்லா இருக்கு. சகாயம் டீச்சர் கீபோர்டுல அடிச்சுப் பாத்தேன், ஒண்ணுகூட விடல.” “நான் அப்பமே சொன்னம்லா, ஒண்ணும் இருக்காது, சும்மா பயப்படாதன்னு” என்று அவர் சிரித்தார். அவர் சொன்னார் என்று அவரே நம்புகிற சிரிப்பு. அவள் விரல் நுனியால் நொய்யை அவர் பக்கமாக நகர்த்தினாள். “இது உள்ள கிடந்துச்சு. யவுக்கு அடியில.” அவர் குனிந்து பார்த்தார். “என்னது, அரிசியா? எறும்பு இழுத்துட்டு வந்து போட்டிருக்கும்.” ஒரு நொடிகூட ஆகவில்லை அவருக்கு. எறும்பு. ஜெசிந்தாவின் மனம் அந்த எறும்பின் பின்னால் ஓடியது, வெட்கமில்லாமல், டிரம்மிலிருந்து இறங்கிச் சுவரோரமாகக் கூடத்தைத் தாண்டி மேசைக்கால் வழியாக ஏறி, நொய்யைத் தலைமேல் வைத்துக்கொண்டு யவின் இடுக்கில் நுழைகிற எறும்பு. இருக்கக்கூடியதுதான். எறும்பு இருந்துவிட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும். எறும்பு இருந்தால் ஆட்டோ இருக்கும், பெஞ்ச் இருக்கும், கைக்குட்டையில் முடிந்த மோதிரம் இருக்கும், எதுவும் பொய்யாகிப் போகாமல். “எறும்பு எதுக்குங்க அங்க போகுது?” என்று கேட்டாள், உண்மையிலேயே அவர் ஒரு நல்ல பதில் சொல்லிவிட வேண்டுமே என்ற தவிப்போடு. “நல்லாக் கேட்ட போ. காபி இனிப்புக்கு எறும்பு வராம என்ன செய்யும்?” காபியைப் பற்றி அவள் எதுவும் சொல்லியிருக்கவில்லை. அவர் வாய் இன்னும் சிரிப்பிலேயே இருந்தது, கண்தான் முதலில் புரிந்துகொண்டது. பொட்டலத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் மேசையைப் பார்த்தார், நாற்காலியைப் பார்த்தார், கையிலேயே வைத்துக்கொண்டார். “ஜெசி” என்றார். போன் அடித்தது. யாமினி. “மேடம், என்ன முடிவு பண்ணீங்க? விடுறேன்னு மட்டும் சொல்லிடாதீங்க, இங்க உங்க இடத்துக்கு ஒருத்தரைப் போட்டுப் பாத்தேன், மூணு நாள்ல ஓடிட்டாரு.” “விடலம்மா. திங்கக்கிழமையில இருந்து அனுப்புங்க.” “அப்பாடா! கைக்கு என்ன மேடம், டாக்டர் என்ன சொன்னாரு?” “கைக்கு ஒண்ணும் இல்ல. கீபோர்டுல காபி கொட்டியிருக்கு.” “அடக் கடவுளே, இதுக்கா இத்தனை நாளு ஆஸ்பத்திரி அது இதுன்னு அலைஞ்சீங்க? யார் மேடம் அந்தப் புண்ணியவான்?” போனில் சிரிப்பு கணகணவென்று அறைக்கே கேட்டது. இன்னாசி இடது கையை உயர்த்தி, வேண்டாம் வேண்டாம் என்று ஆட்டினார், கடையில் திருப்புளிக்கு முன்னால் ஆட்டினாரே, அதே மாதிரி. ஜெசிந்தா அந்தக் கையைப் பார்த்தாள். “பக்கத்துலதான் நிக்கிறாங்கம்மா. அவங்களே சொல்லுவாங்க, கேளுங்க” என்று போனை அவரிடம் நீட்டினாள். நீட்டின இடது கை நடுங்கவில்லை. அவர் வாங்குகிறவரைக்கும் அப்படியே நீட்டிக்கொண்டிருந்தாள்.